உலர்ந்த மோட்டாரும் நனைந்த வாத்தியாரும்

32 வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓம் விதி நடத்தியவன் நான். கரும்பலகையில் நான் வரைந்த மின்சுற்று எதுவும் இதுவரை பழுதானதில்லை. அந்தத் தைரியம்தான் வினையாக வந்தது.

ரிட்டயராகி மணப்பாட்டில் வந்து உட்கார்ந்த புதிது. 2018 டிசம்பர். பால்ய சிநேகிதன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். அவனுக்கு ஒரு ஃபைபர் வள்ளம், அதன் பின்னால் தொங்குகிற பழைய அவுட்போர்டு மோட்டார். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற ரகம்.

"வாத்தியாரே, விடிகாலையில முப்பது இழுப்பு இழுத்தாத்தான் உசிரு வருது. பய கை தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. ஆனா மத்தியானம் இழுத்தா ரெண்டே இழுப்புல பிடிச்சுக்கிடுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டா மொத்தத்தையும் மாத்தணும்பான். நீ கரண்டு படிச்சவன்தானே?"

'விடிகாலையில் வராது, மத்தியானம் வரும்' என்று நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிவிட்டான். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. என் கவனமெல்லாம் 'கரண்டு படிச்சவன்' மேலேயே இருந்தது.

மறுநாள் ஞாயிறு, தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் மோட்டாரை இரண்டு பேர் தூக்கிவந்து அவன் வீட்டு முற்றத்தில் மரச்சட்டத்தில் மாட்டினார்கள். அடிப்பாகம் தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள். இல்லாவிட்டால் குளிர்ச்சிக்குத் தண்ணீர் இழுக்கிற பம்பு உலர்ந்துபோய்க் கெட்டுவிடும். (இதுகூட சிநேகிதன் சொல்லித்தான் தெரியும்.) நான் என் பழைய முள் மீட்டரோடு போய்ச் சேர்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அந்த மோட்டாரில் பாட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் காந்தம் பதித்த சக்கரம் சுற்றும். அடியிலிருக்கிற சுருளில் மின்சாரம் பிறக்கும். அது சி.டி.ஐ. என்கிற சின்னப் பெட்டிக்குள் சேர்ந்து, சரியான சமயத்தில் இக்னிஷன் காயில் வழியாகப் பிளக்குக்குப் பாய்ந்து பொறியாகும். பிளக்கைக் கழற்றினேன். அதன் உடம்பு இன்ஜின் இரும்பைத் தொட்டபடி இருக்கவேண்டும், அப்போதுதான் பொறி தெரியும். பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதெல்லாம் ஞாபகமாக இருந்தது. பிளக் தொப்பியைக் கையால் பிடிக்கக்கூடாது என்பது மட்டும் மறந்துவிட்டது. பையன் கயிற்றை இழுத்தான். நான் துள்ளிய துள்ளலில் கோழிகள் கலைந்தன.

"சார், நீங்கதான் எங்களுக்கு ஷாக் அடிச்சா என்ன செய்யணும்னு பாடம் நடத்துனீங்க" என்றான் பையன். என் பழைய மாணவன். அப்போதும் கடைசி பெஞ்சு.

புதுப் பிளக் போட்டேன். சுருள்களை மீட்டரால் அளந்தேன். வயர்களைப் பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டாவது இழுப்பில் மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. மணி பன்னிரண்டு, நல்ல வெயில். "பிளக்குதான் கோளாறு. நாளைக்குத் தைரியமா போகலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிநேகிதன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மற்ற வள்ளங்கள் பதினோரு மணிக்குக் கரை திரும்பின. பையன் வரவில்லை.

சிநேகிதனுக்கு முதுகுவலி என்று அன்றைக்குப் பையன் தனியாகத்தான் போயிருந்தான். செல்போனில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிற அந்தப் பெண் குரல். இரண்டு வள்ளங்கள் தேடிப் போயின. நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவன் அம்மா. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குன்றின் மேலிருக்கும் சிலுவைக் கோயிலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் குடித்த காப்பி எனக்கு அப்போது தொண்டையில் நின்றது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பொட்டென்று நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு நூறு இழுப்பானாலும் அசையவில்லை. வாடைக் காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. பையன் இறங்கி வந்து உள்ளங்கையைக் காட்டினான். நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே முற்றம், அதே மீட்டர். தெருக்காரர்களை மட்டும் காணோம். மறுபடியும் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. "ஒரு குறையும் இல்லையே..." என்று நான் இழுத்தபோது, திண்ணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"வாத்தியாரண்ணே, அது காஞ்சு கெடக்கையில நல்லாத்தானே இருக்கு? நனைஞ்சாத்தானே படுத்துது? நீங்க காயவச்சே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?"

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வாளி கடல் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, கையால் அள்ளி வயர்கள் மேல் தெளித்தாள். கோயில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி. நான் ஒவ்வொரு வயராகக் கழற்றி, வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி வயரில் முள் தலையாட்டியது.

மோட்டாரை நிறுத்துகிற ஸ்டாப் ஸ்விட்சுக்குப் போகிற வயர் அது. அதை நான் முதல் நாள் சீந்தவே இல்லை. ஸ்டார்ட் ஆகாத மோட்டாரில் நிறுத்துகிற வயரை யார் பார்ப்பார்கள்? வீட்டு விளக்கில் ஸ்விட்ச் இணைந்தால் எரியும். இதில் தலைகீழ். இணைந்தால் பொறிக்குப் போகவேண்டிய மின்சாரம் இன்ஜின் உடம்புக்கு ஓடிப்போய் மோட்டார் நிற்கும். வயர் நுழைகிற துவாரத்து ரப்பர் வளையம் மக்கி, தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. விடிகாலை ஈரத்தில் உப்புத் தண்ணீர் வழியே மின்சாரம் கசியும். கையால் இழுக்கிற வேகத்தில் பிறப்பதே கொஞ்சம். அதிலும் கசிந்தால் பொறிக்கு மிச்சமேது? ஓட ஆரம்பித்துவிட்டால் நிறையப் பிறக்கும், கசிவு தெரியாது. அன்றைக்கு நடுக்கடலில் அதிர்ந்து அதிர்ந்து செம்புக் கம்பியே தகரத்தைத் தொட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

"அப்ப அந்த வயரே வேண்டாம் சார், பிடுங்கிப் போட்ருவோம்" என்றான் பையன். பொறி வரும், உண்மைதான். கடலில் மாட்டிக்கொண்டால் கரை சேர அது ஒரு வழி. சோக்கை இழுத்தோ, எண்ணெய்க் குழாயைக் கழற்றியோ மோட்டாரை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு அந்த ஸ்விட்சோடுதான் சேர்ந்தது. தனியாகப் போகிறவன் தவறித் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அது ஒன்றுதான். வயர் இல்லாவிட்டால் வள்ளம் அவனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவன் அம்மா, "வயர மாட்டுல" என்றாள். மாட்டினான்.

கெட்ட பகுதியை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயைப் போர்த்தினோம். ரப்பர் வளையம் புதுசு. எர்த் வயரின் முனையில் பச்சையாகக் களிம்பேறியிருந்ததையும் உப்புத்தாளால் தேய்த்தோம். அப்புறம் முழு வாளியையும் மேலே கொட்டச் சொன்னேன். பையன் இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். ஊஹூம். என் முகம் போன போக்கைப் பார்த்து சிநேகிதன் எட்டிப் பார்த்தான். ஸ்விட்சில் அந்தக் கயிற்றின் கிளிப்பைச் செருகவில்லை. செருகிவிட்டு இழுத்தான். ஒரே இழுப்பு.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு நானும் கடற்கரைக்குப் போனேன், குடை பிடித்துக்கொண்டு. பனித் தூறலில் வள்ளமே சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு இழுப்பு எடுத்தது என்று எண்ணிக்கொண்டேன். பதினோரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

இரண்டு கிலோ சாளை வீட்டுக்கு வந்தது. அதோடு என் மீட்டரும். வாளித் தண்ணீரைக் கொட்டியபோது அதுவும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அதன் முள் அசையவில்லை.