நெடுந்தீவுக்கு ஒரு நாட் பயணம்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென நெடுநேரம் எண்ணினேன். ஆசிரியர்களின் அருமையையும் விளையாட்டுப் போட்டிகளின் வெற்றிகளையும் எழுத என்னிலும் வல்லார் பலர் உளர். ஆதலின், கொழும்புத்துறை இறங்குதுறையில் அமர்ந்து மாணவர் இருவர் வகுத்த ஒரு திட்டத்தையும், அது நிறைவேற 39 ஆண்டுகள் சென்ற வரலாற்றையும் எழுதத் துணிந்தேன்.

1985ஆம் ஆண்டு சித்திரை மாதம். நானும் என் உயிர்த் தோழனும் மாலைதோறும் அத்துறைக்குச் செல்வோம். கடலுக்கு அப்பால் பூநகரிக் கரை புகைபோலத் தெரியும். அங்கிருந்துதான் நெடுந்தீவுக்குச் சென்று ஒரு நாள் முழுவதும் குதிரைமேல் உலாவுவதெனத் திட்டமிட்டோம். தோழனின் உறவினர் ஒருவர் அத்தீவில் பழக்கிய குதிரைகள் வைத்திருந்தாராம். அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் தோழன் பட்டியல் எழுதினான்: குறிகட்டுவானுக்கு முதல் பேருந்து, தண்ணீர்ப் போத்தல் நான்கு, புட்டுப் பொதி இரண்டு, பனையோலைத் தொப்பி இரண்டு, குதிரை இரண்டு.

அக்குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் அத்தீவுக்கு வந்தவை என்பர். ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர். தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரையும் இட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். பின்னர் அத்தொழில் கைவிடப்பட்டது. எஞ்சிய குதிரைகள் வெளியிலே தாமாக வாழப் பழகின. இவற்றையெல்லாம் நூல்நிலையத்திலே தேடிப் படித்து, ஏறுமுன்னரே குதிரை வீரராகிவிட்டோம்!

நாங்கள் பயண நாளைக் குறித்திருந்தது வைகாசி இறுதியில். அதற்கு முன், 15.05.1985 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன்பின் அப்பட்டியலைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. அடுத்த ஆண்டு தோழன் கடல் கடந்தான். கொப்பியும் அவனுடன் சென்றது.

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் தோழனின் மகள், 14 வயதினள். தோழன் அவ்வாண்டுத் தொடக்கத்திலே காலமாகியிருந்தான். அவன் பெட்டியிற் கிடந்த கொப்பியை அவள் கண்டெடுத்திருக்கிறாள். "மாமா, நான் குதிரையேற்றம் பழகுகிறேன். அப்பா போக நினைத்த பயணத்தை நான் போகலாமா? ஒழுங்கு செய்வீர்களா?" என்று கேட்டிருந்தாள். கண்ணீர் மறைக்க, மறுசிந்தனையின்றி, "வா பிள்ளை, குதிரை ஒழுங்கு செய்கிறேன்" என்று மறுமொழி எழுதிவிட்டேன்.

விசாரித்த பின்னரே என் அவசரம் விளங்கிற்று. 2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம், தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதனுள் விலங்குகளைப் பிடிப்பதும் வருத்துவதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, கணக்கும் எனக்கு எதிராயிற்று. குதிரை தன் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமத்தலாகாது என்பது குதிரை வளர்ப்போர் பலரும் கொள்ளும் விதி. 200 கிலோ நிறையுள்ள மட்டக்குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 40 கிலோவே எல்லை. கோடையில் நீரும் புல்லுமின்றி மடியும் உயிர்கள்மேல் அதனையும் எவ்வாறு ஏற்றுவது?

இதனை உடனே அவளுக்கு எழுதியிருத்தல் வேண்டும். எழுதவில்லை. தந்தையை இழந்த பிள்ளைக்கு இன்னொரு 'இல்லை' சொல்ல என் கை எழவில்லை. பயணத்திற்கு வேண்டிய மற்றையவற்றை மட்டும் செவ்வனே செய்தேன். சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். ஆதலின் மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, வெளி பசுமையுறும் தை மாதத்தைத் தேர்ந்தேன். தீவில் மூன்று துவிச்சக்கரவண்டிகளுக்கு ஏற்பாடு செய்தேன்.

2024 தையில் தாயும் மகளும் வந்தனர். குறிகட்டுவான் துறையிலே, படகுக்குக் காத்திருந்தபொழுது, இனி மறைத்தல் தகாதென எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம் முழுவதும் அவள் தண்ணீரையே பார்த்திருந்தாள். தேர்வு மண்டபத்திலும் நான் அவ்வளவு அஞ்சியதில்லை.

மாவிலித்துறையில் இறங்கி வண்டிகளில் ஏறினோம். முருகைக் கற்களை அடுக்கிய வேலிகளின் ஊடே வழி சென்றது. பெருக்கு மரத்தையும், தூண்கள் மட்டுமே எஞ்சிய குதிரை லாயத்தையும் கண்டபின் பரந்த வெளிக்கு வந்தோம். ஒரு குட்டையின் கரையிலே கபில நிறப் பெட்டை ஒன்று நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி. எங்களைக் கண்டும் அவை ஓடவில்லை. தலைதூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தன.

"இவற்றுக்கு ஒருவரும் சேணம் இட்டதில்லையா, மாமா?" என்று கேட்டாள்.

"இவற்றின் முன்னோர்க்கு இட்டார்கள், பிள்ளை. தேவை தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள்."

அவள் வெகுநேரம் நின்றாள். பின் வெளியெங்கும் நின்ற குதிரைகளை விரலால் எண்ணினாள். மரநிழலிற் புட்டுப் பொதியை அவிழ்த்தபொழுது தந்தையின் கொப்பியை எடுத்து, பட்டியலில் ஒவ்வொன்றாக அடையாளமிட்டாள். 'குதிரை இரண்டு' என்ற வரிக்கு வந்ததும் சற்றே தயங்கி, அதன் அருகே '17 கண்டோம்' என்று எழுதினாள். அவள் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அவ்வாறே.

இதனை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளைகளை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிநீர் கொண்டு செல்லுங்கள். திரும்பும் படகின் நேரத்தை முன்னரே கேட்டறியுங்கள். குதிரைகளை எட்ட நின்று பாருங்கள். இன்றைய மாணவர்க்கும் ஒரு சொல்: கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டால், அதனைத் திருத்திக்கொள்ள நாட் கடத்தாதீர்கள். ஒரு பிள்ளையின் பெருந்தன்மையால் நான் பிழைத்தேன். எல்லார்க்கும் அது வாய்க்குமென்று சொல்வதற்கில்லை.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!