நல்லாத்தான் இருக்கறேன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று மருத்துவர் எங்களுக்குச் சொன்ன ஒரே நல்ல செய்தி, "பேச்சு போகலை" என்பதுதான். மூளையின் வலப்பக்க ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்க மூளையில் இருப்பதால் தப்பித்தது என்றார். விசாரித்த சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போனில் நான்தான் சொன்னேன்: "கை, கால் கொஞ்ச நாள்ல வந்துருமுங்க. பேச்சு நல்லா இருக்குது." அதை எத்தனை பேரிடம் எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். மண்டியில் "பார்க்கலாம்" என்று ஒரு சொல் உண்டு. வாங்க வந்தவர் அதைச் சொன்னால் சரி என்றும் அர்த்தம், இந்த விலைக்கு வேண்டாம் என்றும் அர்த்தம், நாளைக்குக் கூப்பிடு, இறங்கி வருகிறேன் என்றும் அர்த்தம். எது என்பதைப் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா சொல்லிவிடுவார். கல்லூரி விடுதியிலிருந்து நான் கூப்பிட்டு "அப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள், "சளியா, அழுதியா கண்ணு?" என்பார். எனக்கு அப்பா என்றால் அந்தக் காதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், தட்டில் வலப்பக்கம் இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு "பொரியல் வெக்கலியா?" என்று கேட்பார். பொரியல் இடப்பக்கம் தொடாமல் இருக்கும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கொஞ்ச நாள் கவனிக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள், மீதியையும் சாப்பிடுவார். யாருக்கும் கோபம் வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குறை அது.

மற்றது தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வாசலில் நின்று "உங்க வீட்டுல தண்ணி வருதுங்களா?" என்று கேட்டால், "வருது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். சித்தப்பா, "மழை வர்ற மாதிரி இருக்குது, கிளம்பலாம்னு பார்க்கறேன்" என்றால், "சரி, கிளம்பு." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்ற சொல்லை எதிர்பார்த்து நின்ற சித்தப்பா, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். குரலும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே மட்டமாகிவிட்டது, மூட்டை எடையை வாசிப்பது போல. வியாதி வந்து அப்பாவுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அடுத்த வருடம் சென்னையில் எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாயங்காலம் முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். என்ன என்று நான் சொல்ல வேண்டியிருக்காது, அவரே கேட்டுவிடுவார் என்று நம்பினேன்.

"எப்படி இருக்கறே?"

"நல்லாத்தான் இருக்கறனுங்கப்பா." குரல் உடைந்திருந்தது. மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டிருக்கும்.

"சரி, நல்லா இருந்தாச் சரி." வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அப்பா கூப்பிட்டார். "அம்மா சொன்னா. ரத்தம் கம்மியாயிருக்கும். மாத்திரை சாப்பிடு." அதே மட்டமான குரல். அதன்பிறகு இரண்டு வருடம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்குப் போகவில்லை. கூப்பிட்டால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். "தினமும் கேக்கறாரு, அவ போன் பண்ணலியான்னு" என்று அம்மா சொல்வாள். எங்களைச் சேர்த்து வைக்கச் சொல்லும் பொய் என்றே நினைத்தேன்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வந்ததால் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அப்பாவை வழக்கமான பரிசோதனைக்கு நான் அழைத்துப் போனேன். "அப்பா முன்னே மாதிரி இல்லைங்க, ஆளே மாறிட்டாரு" என்று நான் குறையாகத்தான் சொன்னேன். புதிதாக வந்திருந்த மருத்துவர் சில கேள்விகள் கேட்டுவிட்டு, பேச்சுப் பயிற்சி தருபவரிடம் அனுப்பினார். பேச்சு நன்றாக இருப்பவருக்கு எதற்கு என்று அலுப்போடு போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் தன் முகத்தை ஒரு நோட்டால் மறைத்துக்கொண்டார். "அவன் வந்துட்டான்" என்றார், தீபாவளிக்குப் பிள்ளை வந்து இறங்கிய குரலில்.

"நான் எப்படிச் சொன்னேனுங்கய்யா?"

"அவன் வந்துட்டான்னு சொன்னீங்க."

மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு அதே சொல். "அவன் வந்துட்டான்னு சொன்னீங்க." மூன்றாவது முறை அவர் விம்மினார். எனக்கே தொண்டை அடைத்தது. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா நெற்றியைச் சுருக்கி, வலக்கை விரலால் மேசையில் கணக்குப் போடுவது போலத் தட்டினார். வெகுநேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதேதானே கண்ணு சொல்றாங்க? நான் சரியாத்தானே சொல்றேன்?"

அவர் சரியாகத்தான் சொன்னார். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. சொல்லோடு வந்த அழுகை மட்டும் அவரிடம் வந்து சேரவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் போனில் என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, "டான்" என்ற ஓசை தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியாமல் இருந்து இறந்த ஒருவரின் மூளையைப் பரிசோதித்து, இடப்பக்கத்தில் சிதைவைக் கண்டார். பேச்சு இடப்பக்கத்துக்குச் சொந்தம் என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது. தொனி, கிண்டல், சொல்லாமல் சொல்வது எல்லாவற்றுக்கும் வலப்பக்கமும் வேண்டும் என்பதை விரிவாக ஆராய நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 1977இல் எலன் வின்னரும் ஹோவர்ட் கார்ட்னரும் வெளியிட்ட ஆய்வில், மனசு கனத்துப்போனது என்பது போன்ற சொற்றொடருக்குப் படம் காட்டச் சொன்னால், வலப்பக்கம் அடிபட்ட பலர் பெரிய இதயம் ஒன்றைச் சுமந்து தள்ளாடும் ஆளின் படத்தைக் காட்டினார்கள். அர்த்தம் கேட்டால் வாயால் சரியாகச் சொல்லவும் செய்தார்கள். 1979இல் எலியட் ராஸும் மார்செல் மெசுலமும் எழுதியதில் ஓர் ஆசிரியை வருகிறார். குரலில் கோபம் ஏறாததால் அவரால் பிள்ளைகளை அடக்க முடியவில்லை. மனசுக்குள் கோபம் இருந்தது. அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். "மாத்திரை சாப்பிடு" என்று அப்பா சொன்னபோது அவர் மனசுக்குள் என்ன இருந்திருக்கும்?

"சாடையாப் பேசாதீங்க, மனசுல இருக்கறதைச் சொல்லாவே சொல்லிருங்க" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று ராத்திரி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். குழந்தை போனபோது நான் ரொம்ப அழுதேன், உங்கள் மேல் கோபமாக இருந்தேன், இப்போது இல்லை, இப்போதும் அழுகிறேன்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையை வலக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குப் போன் பண்ணுனியே. அப்பவும் அழுதியா?"

"அழுதனுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எடை வாசிக்கும் அதே குரலில்,

"நல்லாத்தான் இருக்கறேன்னு சொன்னியே கண்ணு" என்றார்.