கொட்டாங்கச்சியும் கோல்டு ஃபிஷ்ஷும்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஃபில்டரில் கரி போட்டே ஆகவேண்டும் என்பது ஒன்று. கரியே வேண்டாம் என்பது இன்னொன்று. நான் கூட்டணிக் கட்சி. தேவைப்படும்போது உள்ளே, காரியம் முடிந்தால் வெளியே!

'ஆக்டிவேட்டட் கார்பன்' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். பல பாக்கெட்டுகளில் இருப்பது நம்ம கொட்டாங்கச்சிதான். அதைச் சுட்டுக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேலான சூட்டில் நீராவி காட்டுகிறார்கள். உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகத் திறந்துகொள்கிறது. அதையெல்லாம் விரித்துப் போட்டால், ஒரே ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு. அதாவது, நாலரை கிரவுண்டு சார்! அரை கிரவுண்டுக்காக பேங்க் பேங்க்காக ஏறி இறங்குகிற எனக்கு, கொட்டாங்கச்சி மேல் லேசாகப் பொறாமை.

தண்ணீரின் மஞ்சள் நிறமும் வாடையும் அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். குளோரினையும் கரி ஒரு கை பார்த்துவிடும். மூன்று, நாலு வாரத்தில் உள்ளே ஹவுஸ்ஃபுல். அப்புறம் வெந்நீரில் அலசினாலும் பழையபடி ஆகாது. மாற்ற வேண்டியதுதான்.

ஆபீசில் என் பக்கத்து சீட் நண்பர் புதுத் தொட்டி வாங்கினார். ஃபில்டர் நிறையக் கரி. "தண்ணி மினரல் வாட்டர் மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்று ஒரு வாரம் பெருமை. இரண்டாவது வாரம் மூன்று மீன்கள் மிதந்தன. கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டார். பாவம், கடைக்காரர் என்ன செய்வார்? மீன் வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கரிக்கு அது கிட்டத்தட்ட அகப்படாது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அதை மாற்றித் தரவேண்டும். அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனைக் குறைத்து, தீனியைக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பளிங்கு மாதிரித் தெரிகிற தண்ணீரிலும் மீனுக்கு மூச்சு முட்டும்.

போன மாதம் எங்கள் வீட்டு கோல்டு ஃபிஷ் உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். என் பெண் சாப்பிட மறுத்துத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நீல மருந்து வாங்கி வந்தேன். ஊற்றுவதற்கு முன் செய்த முதல் வேலை, கரிப் பையை வெளியே எடுத்தது. விட்டிருந்தால் மீனுக்கு முன்னால் கரி மருந்தைச் சாப்பிட்டிருக்கும்!

"தொட்டியில சொட்டு நீலமா ஊத்தினீங்க?" என்றாள் மனைவி.

பத்து நாள் அப்படியே விட்டேன். புள்ளிகள் உதிர்ந்து, மீன் தீனிக்கு மேலே வர ஆரம்பித்தது. அப்புறம்தான் புதுக் கரி. இரண்டே நாளில் நீலம் போன இடம் தெரியவில்லை.

"அந்தக் கரியை ரோஜாச் செடிக்குப் போடலாமா?" என்று கேட்டாள்.

"மருந்து குடிச்ச கரிம்மா, வேண்டாம்" என்றேன். குப்பைக்குப் போயிற்று, நாலரை கிரவுண்டு.