சம்பந்தியின் கார்

பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் என் மகன் குடும்பத்தோடு இருக்கிறான். நம் புதுச்சேரிக்காரர்கள் நிறைய வாழ்கிற ஊர். சென்ற கோடையில் மூன்று மாதம் அவன் வீட்டில் இருந்தேன். போய் இறங்கிய மறுநாளே வீட்டில் ஒரு வழக்கு. காரை விற்பதா, வேண்டாமா?

கார் என் சம்பந்தியுடையது. 1992ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு பேர்தான் உட்காரலாம், மேல்கூரையை மடித்துவிடலாம், விளக்கைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி எழும்பி வரும். சம்பந்தி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊர் வழக்கில் சொல்தா. 2021இல் காலமாகிவிட்டார். மருமகளுக்கு அந்தக் கார்தான் அப்பா. என் மகனுக்கோ அது தீராத செலவு.

சம்பந்தியும் நானும் பிரெஞ்சு வழியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். அவர் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. சிறுவர்களான எங்களை யாரும் கேட்கவில்லை. அவர் சிப்பாய் ஆனார், நான் குமாஸ்தா ஆனேன். பிள்ளைகள் கல்யாணத்தில், "உங்க அப்பா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நீயும் இங்கதான் இருந்திருப்பே" என்று பந்தியில் நாலு பேர் முன்னால் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நலம் விசாரிப்பதோடு சரி.

காருக்கு வருவோம். பத்து நாளைக்கு ஒரு முறை கூலன்ட் குறைகிறது, மகன் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறான். கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பணிமனையில், 'ழுவேன் த குலாஸ்' போய்விட்டது, 1,800 யூரோ ஆகும் என்றார்களாம். லா ஃபோந்தேன் கதைகளை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான், இந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. ஹெட் கேஸ்கெட் என்று மகன் சொன்னதும்தான் புரிந்தது.

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் பதினோரு வருடம் ஆபீஸ் ஜீப்புகளின் லாக்புக் எழுதியவன். எதையும் தேதி போட்டு எழுதாமல் நம்ப மாட்டேன். "எந்தெந்த நாள், எவ்வளவு ஊத்தினே?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாருப்பா எழுதி வைக்கிறாங்க?" என்றான். ஆக, 1,800 யூரோ கேட்கிற செலவுக்கு ஒரு வவுச்சர்கூடக் கிடையாது!

மறுநாளே ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, கிலோமீட்டர், ஓடிய இடம், ஊற்றிய அளவு. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்ப்பது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். எங்கள் டிரைவர் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பியை மட்டும் பார்த்தாலும் போதாது. மூடி பழுதாக இருந்தால், குப்பியில் அளவு சரியாக இருந்தும் ரேடியேட்டர் குறைந்திருக்கும். மகன் அதுவரை குப்பியை மட்டும்தான் பார்த்து வந்திருக்கிறான்.

பதினெட்டு நாள் எழுதினேன். ஊருக்குள் ஓடிய நாட்களில் குறைவே இல்லை. ரூவான் நகருக்கு நெடுஞ்சாலையில் போய் வந்த இரண்டு நாளும் அரை லிட்டருக்கு மேல் குறைந்தது. அதாவது, நன்றாகச் சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால்தான் போகிறது. "கேஸ்கெட் போனாலும் அப்படித்தானே?" என்றான் மகன். நியாயமான கேள்வி. ஆனால் கேஸ்கெட் போனதற்கு வேறு சாட்சிகள் இருக்க வேண்டும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை, எண்ணெய் மூடியின் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் நுரை, ரேடியேட்டர் வாயில் நிற்காத குமிழி. ஒன்றும் இல்லை. நீலத் திரவம் ஒன்றை வாங்கி வந்து, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்துப் பார்த்தான். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது.

பிறகு அவன் நண்பரிடம் ஒரு கைப்பம்ப் இரவல் கிடைத்தது. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, என்ஜின் ஓடாமலே அழுத்தம் ஏற்றுவது. 1 பார் ஏற்றிவிட்டு, டார்ச் லைட்டோடு இரண்டு பேரும் குனிந்து நின்றோம். எனக்கு முதுகு வலி. கால் மணி நேரத்தில் முள் மெல்ல இறங்கியது. ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். பல வருடச் சூட்டில் கறுப்பு நிறம் போய்ப் பழுப்பேறியிருந்தது. அதுவும் அலுமினியமும் சேருகிற விளிம்பில் மயிரிழை வெடிப்பு. அங்கே ஒரு பச்சை முத்து திரண்டு நின்றது. ஓடும்போது சூட்டிலும் காற்றிலும் அது அங்கேயே ஆவியாகிவிடும், நின்று குளிர்ந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். கீழே ஈரம் எப்படி இருக்கும்?

"அப்பா, கெடச்சுடுச்சு!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். எத்தனை வருடம் கழித்து!

புது ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து 300 யூரோவுக்குள் அடங்கியது. மகனே மாட்டினான். பழைய தண்ணீர் துருநிறத்தில் வந்தது. பாரீஸ் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதை ஊற்றவே கூடாது. கூலன்ட் பாதி, வடிநீர் பாதி. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, உள்ளே துருவும் பிடிக்காது. காரின் மூக்கைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, மூடி போடாமல் என்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்கும் வரை காற்றை வெளியேற்றினோம். பழையதைச் சாக்கடையில் கொட்டவில்லை; இனிப்பாக இருக்கும், பூனை நாய் நக்கினால் செத்துவிடும். கேனில் பிடித்துக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம்.

வேலை முடிந்து காரைத் துடைத்தபோது, டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சிறிய நோட்டு கிடைத்தது. சம்பந்தி எழுதியது. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை என்று கோடு போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 'கூலன்ட் மாற்றியது'. எல்லாம் தமிழில். வகுப்பில் தமிழில் எப்போதும் கடைசியாக வருவார், இலக்கியம் என்பதற்கு எந்த 'ல' என்று என்னிடம்தான் கேட்பார். கடைசி வரி 2017. அந்த வருடம்தான் அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது. குனிய முடியாமல் போயிருக்கும். அதன் பிறகு பக்கம் காலி.

மருமகள் அந்த நோட்டை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான்தான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஒன்றிரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அப்படியே படித்துவிட்டேன். முடிந்ததும் பேனாவை என் கையில் கொடுத்தாள். 2017க்குக் கீழே தேதி போட்டு, 'ரேடியேட்டர் மாற்றியது' என்று எழுதினேன்.

போன வாரம் மகன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். என் வரிக்குக் கீழே அவன் எழுதிய மூன்று வரிகள். ரூவான் போய் வந்தது, அளவு குறையவில்லை. எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது தமிழில் எழுதச் சொல்ல வேண்டும்.