‘உன் சொந்த ஊர் எது?’ - பதில் சொல்லத் தடுமாறும் கிஜாபே பள்ளிப் பிள்ளைகள்!

கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். மேடேறிக்கொண்டே போகும் நிலம், ஓரிடத்தில் சட்டென்று பாதாளமாகச் சரிகிறது. அதுதான் ‘ரிஃப்ட் வேலி’ எனும் பிரமாண்ட பிளவுப் பள்ளத்தாக்கு. எதிரே லோங்கோனாட் எரிமலை. இந்தச் சரிவில், 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது கிஜாபே. மாசாய் மக்களின் மொழியில் ‘காற்றின் இடம்’ என்று பொருள் சொல்கிறார்கள்.

இங்கேதான் இருக்கிறது ‘ரிஃப்ட் வேலி அகாடமி’. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஊழியம் செய்யும் மிஷனரிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி.

ஜனாதிபதி நாட்டிய கல்

ஒரு காலத்தில், ஆப்பிரிக்காவுக்கு வந்த மிஷனரிகள் பலர் பிள்ளைகளைப் படிப்புக்காகத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மறுபடி பார்க்கப் பல வருடங்கள் ஆகும். அந்தப் பிரிவைக் குறைக்க, 1906-ல் ‘ஆப்பிரிக்கா இன்லேண்ட் மிஷன்’ தலைவர் சார்லஸ் ஹர்ல்பர்ட் தொடங்கிய பள்ளி இது. குளிர்ந்த மலை, பக்கத்திலேயே ரயில் என இடமும் வசதியாக அமைந்தது. அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள்!

1909-ல், பதவிக்காலம் முடிந்த கையோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வந்த அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், பள்ளியின் ‘கியாம்போகோ’ கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். இன்றும் பள்ளியின் முகம் அதுதான்.

மூன்று மாதம் பள்ளி, ஒரு மாதம் வீடு

மூன்று மாதம் ஹாஸ்டல், பிறகு ஒரு மாதம் வீடு. வருடத்துக்கு மூன்று முறை இந்தச் சுற்று. லீவு விட்டால் ஒரு பிள்ளை பக்கத்திலிருக்கும் மிஷன் மருத்துவமனைக் குடியிருப்புக்கு நடந்தே போய்விடும். இன்னொரு பிள்ளை எல்லை தாண்டி காங்கோவுக்கோ தான்சானியாவுக்கோ போக வேண்டும். சாலை வசதியில்லாத ஊர்களுக்குச் சிறு விமானம்தான் கதி.

வேலிக்கு வெளியே இருப்பது கிகுயு மக்களின் ஊர். காலனி காலத்தில் பள்ளிக்குள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும்தான். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கோபம், 1950-களில் ‘மாவ் மாவ்’ கிளர்ச்சியாக வெடித்தது. 1953-ல் அருகிலிருக்கும் லாரி பகுதியில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் பள்ளியைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. இன்று நிலைமை வேறு. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள்.

படிக்கப்பட்ட கடிதங்கள்

இப்படிப்பட்ட பள்ளிகள் எல்லாமே இனிய நினைவுகளைத் தரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில், மாமு என்ற ஊரில் இயங்கிய மிஷனரிப் பிள்ளைகள் பள்ளியில் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதை 1990-களின் பிற்பகுதியில் ஒரு விசாரணைக்குழு உறுதிசெய்தது. அப்போது அந்தப் பள்ளி மூடப்பட்டு 25 வருடங்களுக்கும் மேலாகியிருந்தது. பிள்ளைகள் ஏன் அப்போதே சொல்லவில்லை? வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் பள்ளி ஊழியர்கள் படித்துப் பார்ப்பார்கள். தவிர, ‘அப்பா அம்மா கடவுளின் வேலையைச் செய்கிறார்கள், அதற்கு நாம் இடைஞ்சலாகக் கூடாது’ என்ற எண்ணமும் பிஞ்சு மனங்களில் பதிந்திருந்தது.

கொடைக்கானலிலும் ஒன்று

இந்தக் கதை நமக்கும் தூரமில்லை. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிதான், இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், இப்படி வளரும் பிள்ளைகளுக்கு ‘மூன்றாம் கலாசாரக் குழந்தைகள்’ என்று பெயர் வைத்தார். பெற்றோரின் நாடும் முழுசாகச் சொந்தமில்லை; வளர்ந்த நாடும் முழுசாகச் சொந்தமில்லை. ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் தடுமாறுவது அதனால்தான்.

பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கும் பெற்றோர் நம்மூரிலும் ஏராளம். போன் செய்யும்போது ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்பதோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளை மனசுவிட்டுப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். மாமுவின் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.