நரைமுடிக்கா நாற்காலி?

"பையன் கெட்டிக்காரன்தான், ஆனா, வயசு காணாது!"

தென்பாண்டிச் சீமையில், அதிலும் மலையடிவாரத்து ராயகிரி வட்டாரத்தில், இந்தத் தீர்ப்பைக் கேளாமல் வளர்ந்த இளைஞர் எவரும் இரார். 'காணாது' என்றால் எங்கள் பக்கத்தில் 'போதாது' என்று பொருள். குழம்புக்கு உப்புக் காணாது. வயலுக்குத் தண்ணீர் காணாது. உழைத்தவனுக்குக் கூலி காணாது. இவையெல்லாம் நாவிலே வைத்தும், கண்ணாலே கண்டும், கையிலே எண்ணியும் சொல்லும் சொற்கள். வயது காணாது என்பது மட்டும் அளக்காமலே சொல்லப்படும் சொல். எந்தப் பணிக்கு எத்தனை வயது வேண்டும்? அளந்தவர் யார்? அளந்த படி எது? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! விடை வராது. "அதைக் கேக்கிறதுக்கும் ஒரு வயசு வேணும்" என்ற இரண்டாவது தீர்ப்புத்தான் வரும்!

நாமும் கேட்டவர்கள்தாம். சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலே பணியாற்றினோம். அதன் பெயர் இங்கு வேண்டாம். நாம் வழக்காட வந்தது ஒரு மனப்பான்மையோடு. ஒரு பெயர்ப் பலகையோடு அன்று. பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் வரும்வரை 'பொறுப்பு' பார்க்கும்படி நம்மைப் பணித்தனர். 11 மாதம் பார்த்தோம். கையெழுத்துக்குக் கீழே அடைப்புக் குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதிக்கொண்டே, தணிக்கையையும் முடித்தோம், நிலுவையையும் தீர்த்தோம். தினக்கூலி ஆட்களுக்கு வாரக் கூலி திங்கட்கிழமைவரை இழுத்தடிக்கப்பட்டு வந்தது. அதைச் சனிக்கிழமை மாலையிலேயே எண்ணிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தோம். பணம் இருந்தது, பட்டியலை இரண்டு நாள் முன்னதாக எழுதினால் போதும். மந்திரம் ஒன்றுமில்லை அதிலே.

பிறகு பதவியை நிரப்பும் நாள் வந்தது. குழுவிலே நம் வேலையைப் பற்றி ஒரு குறையும் கூறப்படவில்லை. "கெட்டிக்காரன்தான்" என்றனர், "வயசு காணாது" என்றனர், கூட்டம் முடிந்தது. 11 மாதம் வேலை செய்யக் கண்ட வயது, நாற்காலியில் உட்காரக் காணவில்லை! மூத்தவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். நல்ல மனிதர், சூது வாது அறியாதவர். "தம்பி, இதையும் நீங்களே பாத்திருங்க, எனக்கு இது பழக்கமில்லை" என்று அவரே கோப்புகளை நம் மேசைக்கு அனுப்புவார். பார்த்தோம். ஆனால் பட்டியலை முன்கூட்டி எழுதச் சொல்லும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அவருக்கோ அதிலே அக்கறை இல்லை. இரண்டு மாதத்துக்குள் சனிக்கிழமைக் கூலி மறுபடியும் திங்கட்கிழமைக் கூலியாயிற்று.

இதை ஏன் எழுதுகிறோம்? நம் மனம் நொந்தது என்பதற்காக அன்று. ஒருவன் மனம் நோவது உலகத்துக்குச் செய்தியல்ல. ஞாயிற்றுக்கிழமை அடுப்பெரிக்க அரிசி வாங்கக் கையிலே காசில்லாமல் போன அந்தப் பெண்களை எண்ணியே எழுதுகிறோம். 'வயசு காணாது' என்ற தீர்ப்புக்கு இளைஞன் செலுத்தும் தண்டம் சிறிது. அவனுடைய உழைப்பால் பயன் பெற்றிருக்க வேண்டியவர்கள் செலுத்தும் தண்டமே பெரிது!

இனி, இந்தத் தீர்ப்பின் வேரைத் தோண்டிப் பார்ப்போம்.

பழமொழி நானூற்றிலே ஒரு கதை குறிக்கப்படுகிறது. வழக்கோடு வந்த முதியவர்கள், அரியணையில் ஓர் இளைஞன் இருக்கக் கண்டு, இவனா நமது வழக்கைத் தீர்க்கப் போகிறான் என்று தயங்கினராம். அந்தச் சோழன் நரைமுடி தரித்து, முதியவன்போல் வந்து, நீதி வழங்கினானாம். முதியவர்கள் மகிழ்ந்தனராம். கரிகாலன் என்பர் அவனை.

கதையைப் புலவர்கள் மெச்சுவர். நாம் கேள்வி கேட்போம். உள்ளே வந்தவனும் அவனே. வெளியே போனவனும் அவனே. அதே மூளை, அதே நா, அதே தீர்ப்பு! மாறியது முடி ஒன்றுதான். அப்படியானால் அந்த முதியவர்கள் நம்பியது நீதிபதியையா, நரையையா? நரைதான் நீதி சொல்லும் என்றால், அரண்மனையிலே ஆள் எதற்கு? முடி ஒன்றை மட்டும் அரியணையில் வைத்தால் போதாதா?

இன்னும் ஒன்று. அந்தப் பாட்டு இந்தக் கதையை எதற்குச் சான்றாகக் காட்டுகிறது தெரியுமா? குலவித்தை கற்காமலே கைவரும் என்னும் பழமொழிக்கு! இளைஞன் தீர்ப்புச் சரியாக இருந்தது. காரணம், அவன் கற்றதல்ல, அரச குலத்திலே பிறந்ததாம்! வயதைக் காட்டித் தடுத்தவர்களைக் குலத்தைக் காட்டி வாயடைத்தனர். 1953-இல் இராசாசி குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, தகப்பன் தொழிலை மகன் செய்வதுதான் இயல்பு என்று வாதிட்டார்களே, அந்த வாதத்தின் கொள்ளுப்பாட்டன் இந்தப் பழமொழி! தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-இல் அந்தத் திட்டம் போயிற்று. பழமொழி மட்டும் மனங்களிலே இன்னும் குடியிருக்கிறது.

ஆம், தோழர்களே! முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிறப்பால் வரும் தலைமைக்கு இந்த நாட்டில் எவரும் வயதைக் கேட்டதில்லை. உழைப்பால் வரும் தலைமைக்குத்தான் வயதைக் கேட்கின்றனர்.

சான்று வேண்டுமா? சீர்காழியிலே மூன்று வயதுக் குழந்தை ஞானப்பால் உண்டது, பாடிற்று என்று புராணம் கூறினால், வயது காணாது என்று ஒருவரும் கூறார்; கன்னத்தில் போட்டுக்கொள்வர். தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளைக்குச் சுவாமிமலையிலே கோயில் உண்டு. தகப்பனுக்குக் கணக்கிலே பிழை காட்டிய பிள்ளைக்கு வீட்டிலே அறைதான் உண்டு! காஞ்சி மடத்திலே 1894-இல் பிறந்த சந்திரசேகரேந்திரர் 1907-இலேயே பீடாதிபதி. பதின்மூன்று வயது, உலகத்துக்கே குருவாகக் கண்டது!

அவ்வளவு தொலைவு போவானேன்? ராயகிரிக்குப் பக்கத்துச் சிவகிரி ஒரு காலத்திலே ஜமீன். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஜமீன்தாரி முறையை ஒழிக்கும்வரை, இந்த நாட்டு ஜமீன்களிலே பால் மணம் மாறாத பிள்ளைகளும் பட்டத்துக்கு உரியவராயினர். வயது வரும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்று சர்க்கார் ஓர் ஏற்பாடே வைத்திருந்தது! பண்ணையாரின் பத்து வயது மகன் வரப்பிலே நடந்து வந்தால், அறுபது வயது உழவர், துண்டைக் கக்கத்திலே இடுக்கி, "சின்ன எசமான்" என்று ஒதுங்கி நின்றார். அந்தச் சிறுவன் அவரை "ஏலே" என்று பெயர் சொல்லி அழைத்தான். மூப்புக்கு மரியாதை, முதுமைக்கு வணக்கம் என்று முழங்குகிறார்களே, அந்த உழவரின் அறுபது வயது எங்கே போயிற்று? சேரியிலே நரைத்த தலைக்கு மரியாதை இல்லை. மாளிகையிலே முளைக்காத மீசைக்கு மரியாதை! ஆக, இவர்கள் மதித்தது வயதை அன்று. வயது ஒரு பூட்டு; வேண்டிய வாசலுக்கு மட்டும் அதை மாட்டுகின்றனர்.

பெண்கள் செய்தியிலோ இந்தப் பூட்டு இன்னும் வேடிக்கையானது. 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மண வயதை உயர்த்தக் கோரியது. அதே ஆண்டு சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணுக்கு 14 வயதாவது நிறையட்டும் என்றது. வைதிகர் கூட்டம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது! பத்து வயதுச் சிறுமி, மனைவியாக, மருமகளாக, குடும்ப பாரம் சுமப்பவளாக ஆவதற்கு வயது கண்டது. அவளுடைய கொள்ளுப்பேத்தி பட்டம் பெற்றுவந்து, பிரிவுக்குத் தலைமை ஏற்கிறேன் என்றால், "சின்னப் பிள்ளை, இன்னும் கல்யாணங்கூட ஆகவில்லை" என்கின்றனர்!

ஆனால், நம் மாவட்டமே அதற்கு விடை கூறியிருக்கிறது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-ஆம் நாள். திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இளைய மாவட்டம். 2021 அக்டோபரில் இங்கு நடந்த ஊராட்சித் தேர்தலிலே, வெங்கடாம்பட்டி ஊராட்சியின் தலைவராக, பொறியியல் படித்த சாருகலா என்ற இளம்பெண் வெற்றி பெற்றார். இருபதுகளின் தொடக்கத்திலேயே இருந்தார் அவர். சட்டமன்றத்துக்கு 25 வயது கேட்கும் அரசியல் சட்டம், ஊராட்சிக்கு 21 போதும் என்கிறது. சட்டம் வாசலைத் திறந்தது. ஊர் மக்கள் உள்ளே வா என்றனர். 2020 திசம்பரில் 21 வயது ஆர்யா இராசேந்திரன் திருவனந்தபுரத்துக்கு மேயரானார். 2022 மார்ச்சில் 28 வயது பிரியா சென்னைக்கு மேயரானார். மாநகரத்தின் குப்பையும் குடிநீரும் சாக்கடையும் வயதைக் கேட்டுக்கொண்டா நாறுகின்றன, வற்றுகின்றன, வழிகின்றன? அவற்றுக்கு வேண்டியது வேலை செய்யும் ஆள்.

"அப்படியானால் அனுபவம் வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டும். அனுபவத்தை இகழ்வது பகுத்தறிவன்று. ஆனால் ஆண்டு வேறு, அனுபவம் வேறு. முப்பது ஆண்டு ஒரே கோப்பை ஒரே வகையில் கட்டியவருக்கு இருப்பது ஓராண்டு அனுபவம். அது முப்பது முறை நடந்திருக்கிறது, அவ்வளவே. பணிமூப்புப் பட்டியல் என்ற முறையையும் நாம் முற்றாகத் தள்ளவில்லை. அதிகாரியின் மைத்துனனும், மேலிடத்துச் செல்லப்பிள்ளையும் குறுக்கு வழியில் ஏறாதபடி உழைப்பாளிகள் போராடிப் பெற்ற வேலி அது. வேலி இருக்கட்டும், ஆனால் வேலியே பயிர் ஆகிவிடாது.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். 'வயதைப் பார்க்காதே, தகுதியைப் பார்' என்று நாம் கூறினால், அந்தச் சொல்லைப் பிடுங்கி நம்மையே அடிக்கக் காத்திருப்போர் உண்டு. வகுப்புரிமையை எதிர்த்தவர்கள் கையிலெடுத்த கோலும் 'தகுதி'தானே! அவர்கள் கூறிய தகுதி, வாய்ப்பைப் பெறுமுன்பே காட்டச் சொல்லும் தகுதி; தண்ணீரில் இறங்காமலே நீந்திக் காட்டு என்பது. நாம் கேட்பது வாய்ப்பு. இறங்க விடுங்கள், பிறகு நீந்துகிறானா என்று பாருங்கள். நீந்திக் கரையேறியவனை மட்டுமாவது, 'நீ நீந்தும் வயதினன் அல்லன்' என்று சொல்லாதீர்கள்!

நம் முன்னோரிலே இதை உணர்ந்தவர் உண்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பாடிய புறநானூற்றுப் பாட்டு, ஒரே குடியிலும் மூத்தவனை விடுத்து அறிவுடையவன் வழியே அரசு செல்லும் என்கிறது. கீழ் என்று ஒதுக்கப்பட்டவன் கற்றால், மேல் என்று நிமிர்ந்தவனும் அவனிடம் வருவான் என்கிறது. மூப்பையும் பிறப்பையும் ஒரே மூச்சிலே தள்ளி, அறிவை முன்னே நிறுத்திய பாட்டு! தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனோ, தன்னை இளையன் என்று எள்ளிய பகைவரைப் போர்க்களத்திலே சந்தித்தான். வேந்தர் இருவரும் வேளிர் ஐவருமாக எழுவர் எதிர்த்தனர், எழுவரும் தோற்றனர்.

இந்த இயக்கம் வளர்ந்த கதையும் அதுவே. 1944 ஆகத்து 27, சேலம் மாநாடு. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய நாள். சர், ராவ்பகதூர் என்ற பட்டங்களைத் துறந்துவிடுங்கள் என்ற தீர்மானம், பட்டதாரிப் பெருமக்களுக்கு நெருஞ்சி முள்ளாயிற்று. அந்தத் தீர்மானத்துக்கு என்ன பெயர்? 'அண்ணாதுரை தீர்மானம்'. அப்போது பெரியாருக்கு 64 வயது; அண்ணாவுக்கு 34. முதியவர் தலைமையில், இளையவர் பெயரால் வரலாறு திரும்பியது!

1949 செப்டம்பர் 17-இல், இராயபுரம் இராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே தி.மு.கழகம் தோன்றியபோது நெடுஞ்செழியனுக்கு 29, அன்பழகனுக்கு 26, கருணாநிதிக்கு 25, சம்பத்துக்கு 23. அண்ணாவே 40-ஐத் தொட்டு இரண்டே நாள்! 1965 சனவரி 27-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் மொழிப்போரிலே சுட்டு வீழ்த்தப்பட்டார். துப்பாக்கிக் குண்டு வயதைக் கேட்கவில்லை. 1967-இல், ராயகிரியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத விருதுநகரிலே, மொழிப்போர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராசரையே எதிர்த்து நின்று, 1,285 வாக்குகளால் வென்றார். காமராசரின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அவர் பெருமையை அறிந்த மக்கள்தாம் அப்படித் தீர்ப்பளித்தனர்.

ஆகவே, இறுதியாக ஒரு கேள்வி. அலுவலகங்களைக் கேட்டோம், ஆதிக்கக்காரரைக் கேட்டோம், இனி நம்மை நாமே கேட்போமாக. நம் கிளைகளிலே, படிப்பகங்களிலே, சங்கங்களிலே இளைஞருக்கு இன்று என்ன வேலை தரப்படுகிறது? பசை காய்ச்ச, சுவரொட்டி ஒட்ட, கொடி கட்ட, நாற்காலி தூக்க வயது காண்கிறது. அந்த நாற்காலியிலே உட்கார்ந்து கூட்டத்தை நடத்த, வரவு செலவைக் கேட்க, தீர்மானத்தை எழுத மட்டும் வயது காணாமல் போகிறதா? அப்படியானால், எதிரியிடமிருந்து நாம் பிடுங்கிய பூட்டை நம் வாசலிலேயே மாட்டியிருக்கிறோம் என்று பொருள்.

வரும் கூட்டத்துக்கு, உங்கள் கிளையிலே மிக இளைய தோழர் ஒருவரைத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள். பெண் தோழராக இருந்தால் மேலும் நன்று. மூத்தவர்கள் முன்வரிசையிலே அமர்ந்து, பிழை வந்தால் எடுத்துச் சொல்லட்டும். கணக்கேட்டையும் அவர் கையிலே கொடுங்கள், சாவியோடு கொடுங்கள்.