மொட்டை மாடியில் ஒரு விமானம், மேசை மேல் ஒரு கோப்பு

வீட்டில் விமானம் கட்டுகிற மனிதரைச் சட்டம் கடைசி நாளில்தான் சந்திக்கிறது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம் உற்பத்தியையும் தன் ஆளுகைக்குள் வைத்திருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு குடிமகன் தன் கொட்டகையில், தனக்காக, முதல் அலுமினியத் தகட்டை வெட்டும்போது அவரைத் தடுக்கவோ வழிநடத்தவோ நடைமுறையில் யாரும் வருவதில்லை. எல்லாம் முடிந்து, இறக்கை பூட்டி, என்ஜின் ஓடிக் காட்டி, இனி ஓடுபாதைக்குக் கொண்டுபோகலாம் என்று அவர் நினைக்கும் நாளில்தான் விதிகள் வாசலில் வந்து நிற்கின்றன. நான் வாதாடாத, ஆனால் ஆண்டுக்கணக்கில் தொலைவிலிருந்து கவனித்துவந்த ஒரு விவகாரம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது. மும்பை விமானி அமோல் யாதவின் விவகாரம் அது.

விதிகள் கேட்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 5ஆவது விதி, பதிவு செய்யப்படாத எந்த விமானமும் பறக்கக்கூடாது என்கிறது. பதிவானதும் 'விடி' என்று தொடங்கும் அடையாள எழுத்துகள் அதன் உடலில் ஏறும். 15ஆவது விதி, அது பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழைக் கேட்கிறது. தொழிற்சாலையில் பிறந்த விமானத்துக்கு இவை இரண்டும் சிக்கலில்லாதவை. ஏனென்றால் அந்த வடிவமைப்பையே முன்கூட்டி ஆராய்ந்து கொடுத்த வகைச் சான்றிதழ் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். அதிகாரி புதிதாக எதையும் நம்ப வேண்டியதில்லை, முன்பு நம்பியதை இந்த விமானமும் பின்பற்றியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தனி ஆள் கட்டிய விமானத்துக்கு அந்த முன்நம்பிக்கை கிடையாது. 'சோதனை வகை' என்ற பெயர் விதிகளில் இருந்தது. ஆனால் ஒரு தனிமனிதர் அதற்குள் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பது, கட்டுகிறவர் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் அளவுக்குத் தெளிவாக இல்லை.

அமோல் யாதவ் ஜெட் ஏர்வேஸில் விமானியாக இருந்தவர். மும்பை காந்திவலியின் சார்கோப் பகுதியில், தன் குடும்பம் வசித்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினார். லேத், கம்ப்ரஸர், வெல்டிங் இயந்திரம், வெளிநாட்டிலிருந்து தருவித்த 180 கிலோ என்ஜின் எல்லாம் குறுகிய படிக்கட்டு வழியே மேலே போயின. அதற்கு முன் 1998இலிருந்து அவர் செய்துபார்த்த முயற்சிகள் கைகூடவில்லை. இது மூன்றாவது, அதனால்தான் இதன் பெயர் டிஏசி-003. குடும்பத்தின் சொத்தும் நகையும் இந்தக் கனவுக்குள் போயின. ஒரு வழக்கறிஞரின் கண்ணுக்கு இதில் முக்கியமானது அவருடைய தொழில். விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் உரிமத்தை அரசே அவருக்குக் கொடுத்திருந்தது.

2011இல் அவர் பதிவுக்கு விண்ணப்பித்தார். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது 2017 நவம்பரில். நடுவில் நடந்ததை ஊழல் என்றோ அலட்சியம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் மறுபக்கத்துக்கும் வாதம் உண்டு. அதுவும் வலுவான வாதம். 1995 டிசம்பர் 17 இரவில் மேற்கு வங்கத்தின் புரூலியாவில் ஓர் ஆன்டனோவ் விமானம் ஆயுதங்களைக் கொட்டிவிட்டுப் போனதை மறந்துவிட்டு எந்த அதிகாரியும் இந்த நாட்டில் பறக்கும் அனுமதியில் கையெழுத்திட முடியாது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் இளைஞர் ஒருவர், தானே கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது, அதன் சுழல் தகடு முறிந்து தலையில் அடித்து இறந்துபோனார். வானத்தில் போகிறவர் தன் உயிரைத் தானே பணயம் வைக்கலாம். கீழே கூரையடியில் தூங்குகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அவர் சார்பில் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருந்தே ஆகவேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. விமானத்தின் இறக்கைக்குள் ஓடும் முதுகெலும்பு உத்திரத்தில் ஒவ்வொரு ரிவெட்டும் சரியாக அடிக்கப்பட்டதா என்பதை, மேலே தகடு மூடுவதற்கு முன்னால்தான் கண்ணால் பார்க்க முடியும். மூடியபின் வரும் அதிகாரி, தனக்குத் தெரியாததற்குச் சான்று கொடுக்கும் நிலையில் நிற்கிறார். நேர்மையான அதிகாரியாக இருந்தால் கையெழுத்துப் போட இன்னும் அதிகமாகத் தயங்குவார். கட்டியவரோ, அதற்குள் பணமும் வயதும் போட்டு முடித்தவராக எதிரே நிற்கிறார். இருவர் மேலும் தவறில்லாமல் ஒரு கோப்பு ஆறு ஆண்டு அசையாமல் கிடக்க முடியும் என்பதை இந்த விவகாரம் எனக்குக் காட்டியது. பிழை, விதி வந்து சேர்ந்த நேரத்தில் இருந்தது.

இதற்கு வேறு நாடுகள் தீர்வு கண்டு வெகுகாலம் ஆகிறது. அமெரிக்காவில் 1953இலேயே வீட்டு விமானக்காரர்கள் மில்வாக்கியில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அங்குள்ள விதி, விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கட்டுகிறவர் தன் கற்றலுக்கோ பொழுதுபோக்குக்கோ தானே செய்திருந்தால், அதைத் தனி வகையாக ஏற்கிறது. சான்று கிடைத்ததும் அவர் ஊருக்கு மேலே பறந்துவிட முடியாது; சான்று பெற்ற என்ஜினும் புரொப்பல்லரும் சேர்ந்த ஜோடியாக இருந்தால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், குறித்துக் கொடுத்த பகுதிக்குள், பயணிகள் இல்லாமல் சோதித்துக் காட்டவேண்டும். பிரிட்டனில் இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்திடுகிறார். ஆலப்புழையில் பிறந்து லண்டனில் குடியேறிய ஒரு பொறியாளர், கொரோனா ஊரடங்குக் காலத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து பெட்டிகளில் வந்த ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கை விமானத்தின் பாகங்களை அங்கே பூட்டி, 2022இல் பறந்தார். அதே மனிதர் ஆலப்புழையிலேயே இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, திறமைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு விளங்கிவிடுகிறது.

அமோலின் விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆலங்காயம் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். இரண்டு பேர் போகும் கிட் விமானம் ஒன்றைத் தருவித்து, பட்டறையிலேயே பூட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "கட்டுறதுல தப்பு இருக்கா சார்?" என்றார். தப்பில்லை என்றேன். "கட்டி முடிச்சா பறக்க விடுவாங்களா?" என்றார். அதை எழுத்தில் தர என்னால் முடியாது என்றேன். எடை 450 கிலோவுக்குள் இருந்தால் மைக்ரோலைட் என்ற வகைக்குள் வரலாம். அப்போதும் உள்துறையும் பாதுகாப்புத் துறையும் இசைவு தரவேண்டும். அந்த இசைவு எந்த மாதம் வரும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது. இத்தனையும் அவருக்கு விளக்கினேன். அவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். கிட் தருவிக்கவில்லை.

அவர் ஊருக்கு மேலே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1968இல் அங்கே வானைப் பார்க்கத் தொடங்கிய முதல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் வானாய்வகத்தின் சொந்தப் பட்டறையில் உருவானது. அங்கிருந்து வளர்ந்துதான், 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி வரை இந்த நாடு தன் கையால் செய்யப் பழகியது. பட்டறையில் சிறியதைச் செய்தவர்களுக்குத்தான் பெரியதைச் செய்யத் தெரிந்தது. விமானத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சிறு விமானம் கட்டுகிறவர்களை ஆலோசனைக்கட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பெரிய விமானம் செய்யும் தலைமுறையை எங்கிருந்து எதிர்பார்ப்பது?

திரும்பிப் போகாதவர்களும் உண்டு. இடுக்கி மாவட்டம் தொடுபுழைக்கு அருகே தட்டக்குழையைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பதினைந்து வயதில் பார்த்ததில் தொடங்கி, பல ஆண்டுகள் உழைத்து ஓர் இலகுரக விமானத்தைக் கட்டினார். அது எழும்பிப் பறந்து காட்டியது நம் நெல்லைச் சீமையில், அம்பாசமுத்திரத்துக்கு அருகே மணிமுத்தாறில். ஓட்டிப் பார்த்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. சஜியின் கதையை ஒட்டி 2017இல் 'விமானம்' என்ற மலையாளப் படமும் வந்தது. அனுபவமுள்ள ஒருவரின் கண்ணும் கையும் கிடைத்ததால் அந்த முயற்சி பாதுகாப்பாக முடிந்தது. அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கட்டுகிறவரின் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது, விதியே அவரை அனுப்பிவைக்க வேண்டும். யவத்மாலில் இறந்துபோன இளைஞருக்கும் மணிமுத்தாறில் பறந்த விமானத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஓர் ஆய்வாளரின் வருகைதான் என்று நான் நம்புகிறேன்.

அமோலின் கோப்பு எப்படி அசைந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' வாரக் கண்காட்சிக்காக, விமானத்தைப் பிரித்து மாடியிலிருந்து கிரேன் வைத்து இறக்கிக் காட்சிக்கு வைத்தார். கூட்டம் கூடியது, பத்திரிகைகள் எழுதின. மகாராஷ்டிர முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் அவருக்காக மத்திய அரசிடம் பேசினார். அதன்பின் பதிவு கிடைத்தது. நன்றியாக, பிரதமர், முதலமைச்சர் இருவரின் பெயரெழுத்துகளையும் சேர்த்து விடி-என்எம்டி என்ற அடையாளத்தை அவர் வாங்கிக்கொண்டார். பறக்கும் அனுமதி வந்தது 2019 அக்டோபரில். அவர் வேலை பார்த்த ஜெட் ஏர்வேஸ் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே பறப்பதை நிறுத்தியிருந்தது. மறு ஆண்டு மகாராஷ்டிரத்தின் தூலேயில் சோதனைப் பறத்தல் நடந்தது. உதவியவர்கள் செய்தது நல்ல காரியம். ஆனால் பரிந்துரையால் திறந்த கதவு, உள்ளே போனவருக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொள்ளும். ஆலங்காயத்துப் பட்டறைக்காரர் அந்த அனுமதியை எடுத்துக்காட்டி எனக்கும் கொடு என்று கேட்க முடியாது. அது அவருக்கு முன்னுதாரணம் ஆகாது.

இதை நான் வாதாடியிருந்தால், 1967 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தந்த சத்வந்த் சிங் வழக்குத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைத்திருப்பேன். அன்று பாஸ்போர்ட் வழங்குவதற்கு என்று ஒரு சட்டம் கிடையாது. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட மூவர், மற்ற இருவரின் கருத்துக்கு மாறாக, வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், வழிகாட்டும் நெறி ஏதும் இல்லாத அதிகாரம் சமத்துவ உரிமைக்கு முரண் என்றும் தீர்ப்பளித்தார்கள். பாஸ்போர்ட் எல்லோருக்கும் தந்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தக் காரணத்துக்காக மறுப்பாய் என்பதை முன்கூட்டியே எழுதி வை என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. விமானத்துக்குச் 'சோதனை வகை' என்று பெயர் வைத்துவிட்டு, அதை அடையும் படிகளை எழுதாமல் விட்டால், இங்கேயும் மிஞ்சுவது அதிகாரியின் விருப்பம்தான் என்பது என் வாதமாக இருந்திருக்கும்.

2025 ஜனவரி 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம் 2024 நடைமுறையில் இருக்கிறது. விமான வடிவமைப்பையும் அது நேரடியாக ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கட்டி முடித்த நாளில் அல்லாமல், வரைபடம் போடும் நாளிலேயே கட்டுகிறவரைச் சந்திக்கும் அதிகாரம் இப்போது அரசுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி விதிகளில் மூன்று செய்திகளை எழுதினால் போதும். தொடங்கும்போதே கட்டுகிறவர் பதிந்துகொள்ள ஓர் இடம்; தகடு மூடுவதற்கு முன் கட்டம் கட்டமாக வந்து பார்க்கும் ஆய்வாளர்; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் குறித்த நாளுக்குள், காரணத்தோடு, ஆமென்றோ இல்லையென்றோ ஒரு பதில். காரணத்தோடு வரும் மறுப்பைக்கூட ஒரு குடிமகன் ஏற்றுக்கொள்வார், அல்லது எதிர்த்து மேல்முறையீடு செய்வார். பதிலே வராத கோப்பை எதிர்த்து எதுவும் செய்ய, வசதியும் செல்வாக்கும் இல்லாதவருக்கு வழியில்லை. முதலமைச்சரைத் தெரியாத ஒருவர், தபாலில் அனுப்பும் விண்ணப்பத்தாலேயே அதே அனுமதியைப் பெற முடிகிற நாளில்தான் அமோல் யாதவின் விவகாரம் முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வேன்.